கையில் காசு குறையும்போது மனசு குறையாமலிருக்க



இந்தப் பகுதியில் வழக்கமாக நீரிழிவு, இரத்த அழுத்தம், டெங்கி, பாம்புக்கடி என்று எழுதி வருகிறேன். இந்த மாதம் என் மருந்து அலமாரியில் மருந்து இல்லாத ஒரு தொல்லையைப் பற்றி எழுதப் போகிறேன். பணக் கஷ்டம் வரும்போது அது எப்படி மனசுக்குள் இறங்கி, அங்கிருந்து உடம்புக்குள் இறங்குகிறது என்பதுதான் விஷயம்.

தோட்டக் கிளினிக்கில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். மழையால் வெட்டு நின்று போகும் மாதங்கள், ரப்பர் மரம் இலை உதிர்த்துப் பால் குறையும் மாதங்கள், செம்பனையில் குலை குறையும் மாதங்கள் என்று வருடத்தில் சில மாதங்கள் நமக்கு எப்போதும் இறுக்கமானவை. வேலை குறைந்தால் கிளினிக்கில் கூட்டம் குறைய வேண்டும் அல்லவா? வெட்டுக் காயமும் இடுப்புப் பிடிப்பும் குறைகின்றனதான். ஆனால் தலைவலி, நெஞ்சு எரிச்சல், தூக்கமில்லை, கை கால் அசதி என்று வருகிறவர்கள் கூடி விடுகிறார்கள். காய்ச்சல் இருக்காது. நாடி சரியாக இருக்கும். "என்னன்னு சொல்லத் தெரியல ஐயா, ஒடம்பு ஒரு மாதிரியா இருக்கு" என்பார்கள்.

ரொம்ப காலம் இதற்கு நான் பனாடோலும் வயிற்று மாத்திரையும் கொடுத்து அனுப்பிக் கொண்டிருந்தேன். அது போதாது என்று எனக்குக் கற்றுக் கொடுத்தவர் ஒரு பால்மரத் தொழிலாளி. அவர் பெயரோ தோட்டத்தின் பெயரோ இங்கே வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்தவர்

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். நல்ல வெட்டுக்காரர். பெரட்டுக்கு ஒரு நாள் தாமதமாக வந்தவரில்லை. மழை மாதம் ஒன்றில் நெஞ்சு அடைக்கிறது என்று வந்தார். உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இருதயம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து விட்டார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வந்தார், வயிற்றுக்கு மருந்து கொடுத்தேன். மூன்றாம் தடவை தலைவலி என்று வந்தார், பனாடோல் கொடுத்தேன். ஒரு தடவைகூட நான் "வீட்டில் எப்படி இருக்கிறது அண்ணே?" என்று கேட்கவில்லை.

நான்காவது தடவை அவர் வரவில்லை. அவர் மனைவி வந்தார். "ராத்திரியெல்லாம் வாசப்படியில உக்காந்திருக்காரு ஐயா. கூப்பிட்டா வர்றதில்ல. நேத்து என்ன சொன்னாரு தெரியுமா? நான் இல்லன்னா ஒங்களுக்கு சொக்சோ காசாவது வரும்னாரு" என்று சொல்லி அழுதார்.

அன்று சாயங்காலமே போய் அந்த வாசற்படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக் கொண்டிருந்தோம். பிறகு நேராகவே கேட்டேன்: "அண்ணே, உயிர விட்டுடலாம்னு நெனப்பு வருதா?" அவர் பதில் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அதன் பிறகுதான் கதை வெளியே வந்தது. மகளின் படிப்புக்காக வட்டிக்காரனிடம் மூவாயிரம் வெள்ளி வாங்கியிருந்தார். அது வட்டியோடு வளர்ந்து விட்டது. மனைவிக்குத் தெரியாது. பத்து மாதமாக அதை ஒற்றை ஆளாகச் சுமந்திருக்கிறார்.

அவர் இன்றைக்கு நன்றாக இருக்கிறார். எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், அவருக்கு நெஞ்சு அடைத்தது பொய்யில்லை என்பதை நீங்கள் தெரிந்து கொள்ள வேண்டும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

வெட்டப் போகும் பாதையில் பாம்பைப் பார்த்தால் உங்கள் உடம்பு என்ன செய்கிறது? நெஞ்சு படபடக்கும், கை கால் இறுகும், வாய் உலரும், பசி பறந்து விடும். ஓடவோ அடிக்கவோ உடம்பு தயாராகிறது. இதற்கென்றே சில சுரப்பு நீர்களை உடம்பு இரத்தத்தில் கலக்கிறது. பாம்பு போனதும் பத்து இருபது நிமிடத்தில் எல்லாம் அடங்கி விடும். இது நல்ல ஏற்பாடு, உயிரைக் காப்பாற்றுவது.

கடன் என்பது போகாத பாம்பு. காலையிலும் இருக்கிறது, படுக்கையிலும் இருக்கிறது. உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. அது நாள் முழுக்க ஓடுவதற்குத் தயாராகவே நிற்கிறது. கழுத்தும் தோளும் இறுகியே இருப்பதால் தலைவலி. வயிறு கலங்கி எரிச்சல். தூக்கம் வராது, வந்தாலும் இரண்டு மணிக்கு விழிப்பு வந்து விடும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு அவை ஏறும்.

பால்மரத்தைப் பாருங்கள். ஒரு நாள் வெட்டினால் மறுநாள் விட்டு வெட்டுகிறோம். ஏன்? எடுத்த பாலை மரம் மறுபடி ஊற வைக்க நேரம் வேண்டும். பாலுக்கு ஆசைப்பட்டு ஓய்வில்லாமல் வெட்டிக் கொண்டே போனால் ஒரு நாள் பட்டை வற்றி, கத்தி போட்டாலும் பால் வராமல் போகிறது. மரத்துக்கு உள்ளது மனுஷனுக்கும் உண்டு. ஓய்வில்லாத கவலை நம்மை வற்ற வைத்து விடும்.

ஒரு எச்சரிக்கை: நெஞ்சு வலியோடு வியர்த்துக் கொட்டுவது, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, மூச்சு வாங்குவது இருந்தால் "கவலைதான்" என்று உட்கார்ந்திருக்காதீர்கள். 999-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இருதயத்தைச் சோதித்த பிறகுதான் மனசைப் பற்றிப் பேச வேண்டும்.

வேலை போன ஒரு ஊரின் கதை

ஆஸ்திரியா நாட்டில் வியன்னா நகருக்குப் பக்கத்தில் மரியந்தால் என்று ஒரு சிற்றூர். நம் தோட்டம் மாதிரிதான், ஊருக்கே ஒரே முதலாளி, ஒரே தொழிற்சாலை. நெசவுத் தொழிற்சாலை. உலகப் பொருளாதாரம் சரிந்த நேரத்தில், 1930 வாக்கில் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. ஊரே வேலை இழந்தது. மாரி யகோடா என்ற அம்மையாரும் அவருடைய தோழர்களும் அங்கே போய்த் தங்கி, மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கவனித்து 1933-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள்.

அவர்கள் கண்டது என்ன? வேலையில்லாதவனுக்கு நேரம் நிறைய இருக்கிறது, நிறையப் படிப்பான், சங்கத்துக்குப் போவான் என்றுதானே நினைப்போம்? நடந்தது தலைகீழ். தொழிலாளர் நூலகத்தில் கட்டணத்தை எடுத்து விட்ட பிறகும் புத்தகம் எடுப்பது பாதியாகக் குறைந்து விட்டது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், வழியெல்லாம் நின்று நின்று போனார்கள். இன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால் எழுந்தது, சாப்பிட்டது, தூங்கியது தவிர வேறு சொல்லத் தெரியவில்லை. பெண்களுக்கோ சமையல், துணி, பிள்ளை என்று வேலை இருந்தது. கஷ்டம் அதிகம்தான், ஆனால் அவர்கள் நாளுக்கு ஒரு தலையும் வாலும் இருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீடுதான் ஞாபகம் வந்தது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டு, நாங்கள் ஒரு பிளாட்டின் நாலாவது மாடிக்குக் குடியேறினோம். அப்பாவுக்குப் பல மாதம் நிலையான வேலை இல்லை. காலையில் நாலரைக்கே விழித்து விடுவார், போக இடமிருக்காது. மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். அம்மா மட்டும் அந்தச் சின்ன வாசலைக் கூட்டி, விளக்கேற்றி, பக்கத்து வீட்டு அம்மாவோடு உட்கார்ந்து பூக் கட்டுவார். யார் தாங்கினார்கள், யார் ஒடிந்தார்கள் என்பது இன்றைக்கு எனக்குப் புரிகிறது.

மரியந்தாலில் இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள். கைக்கு வரும் பணம் குறையக் குறைய மனமும் தளர்ந்தது. இதை நாம் மறக்கக் கூடாது. "தைரியமா இருங்க, எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொல்லி யார் வயிற்றையும் நிரப்ப முடியாது. நியாயமான சம்பளத்துக்கு மனவுறுதி பதிலாகாது. சம்பளத்துக்காகப் பேசுவது சங்கத்தின் வேலை, அது நடந்து கொண்டே இருக்க வேண்டும். அதுவரை நாம் ஒடியாமல் நிற்பதற்குத்தான் நான் எழுதுவது.

சம்பளத்தோடு கூடவே வரும் ஐந்து

யகோடா அம்மையார் பின்னாளில் சொன்ன கருத்து ஒன்று இருக்கிறது. வேலை நமக்குப் பணம் மட்டும் தருவதில்லை. கேட்காமலே வேறு ஐந்தையும் தருகிறது. நாளுக்கு ஒரு ஒழுங்கு. வீட்டுக்கு வெளியே நாலு பேர் பழக்கம். பலர் சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற எண்ணம். நான் இன்னார் என்ற மதிப்பு. கை சும்மா இல்லாத இயக்கம்.

பெரட்டுக்குப் போகிறோம், கூட்டத்தோடு சிரிக்கிறோம், "இந்த நெரைய அவரு வெட்டினா கண்ண மூடிக்கிட்டுச் சொல்லலாம்" என்று பெயர் எடுக்கிறோம். வேலை குறைந்தால் காசோடு இவையும் போய் விடுகின்றன. காசை உடனே திரும்பக் கொண்டு வருவது நம் கையில் இல்லாமல் இருக்கலாம். இந்த ஐந்தில் பெரும்பங்கை நாமே திரும்பக் கொண்டு வர முடியும். எப்படி என்று பார்ப்போம்.

என்ன செய்யலாம்?

1. வேலை இல்லாத நாளிலும் வேலை நாள் போல எழுந்திருங்கள். மழை கொட்டினாலும் அதே நேரத்துக்கு எழுந்து, குளித்து, முகம் மழித்து, உடுத்துங்கள். பகலில் படுக்காதீர்கள். பகல் தூக்கம் இராத்திரித் தூக்கத்தைத் திருடும். சாயங்காலத்துக்குள் முடியக்கூடிய ஒரு வேலையை ஒவ்வொரு நாளும் வைத்துக் கொள்ளுங்கள். சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போடுவதாக இருக்கட்டும், கோழிக்கூட்டைச் சரி பண்ணுவதாக இருக்கட்டும். "இன்னிக்கு இதை முடிச்சேன்" என்று சொல்ல ஒன்று வேண்டும்.

2. கணக்கைக் காகிதத்தில் எழுதுங்கள். புருஷன் பெண்சாதி இருவரும் உட்கார்ந்து, வரவு என்ன, செலவு என்ன, கடன் யாருக்கு எவ்வளவு என்று ஒளிக்காமல் எழுதுங்கள். மனசுக்குள் சுற்றும்போது ஆயிரம் தலையுள்ள கடன், காகிதத்தில் பத்து வரிதான் இருக்கும். முதலில் அரிசி பருப்பு, பிள்ளைகள் பள்ளிக்கூடம், தண்ணீர் மின்சாரம், மருந்து. பிறகு மற்றவை. கடைக்காரரிடம் ஒளிந்து நடப்பதை விட, "இந்த மாசம் பாதிதான் தர முடியும்" என்று முன்கூட்டியே சொல்வது மேல். எங்கள் அம்மா ஒவ்வொரு செலவுக்கும் ஒரு மிலோ டின் வைத்திருந்தார். டின்னில் சில்லறை குறைவாகத்தான் இருந்தது, ஆனால் குழப்பம் இல்லை.

3. உங்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்டு வாங்குங்கள். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. பால் கணக்கு, குலைக் கணக்கு என்று வேலை செய்கிறவர்களையும் அந்த உத்தரவு கணக்கில் எடுக்கிறது. சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், சந்தேகம் இருந்தால் கிளைச் செயலாளரிடம் காட்டுங்கள். ஆட்குறைப்பில் வேலை போனவர்களுக்கு சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டம் 2018 முதல் உதவித் தொகை தருகிறது. வேலை போன 60 நாட்களுக்குள் மனு செய்ய வேண்டும். வெட்கப்பட்டுத் தள்ளிப் போடாதீர்கள், அது நீங்கள் சந்தா கட்டிய பணம். வங்கிக் கடன் கழுத்தை நெரித்தால் 2006-இல் தொடங்கிய ஏ.கே.பி.கே. என்ற நிறுவனம் இலவசமாக ஆலோசனை சொல்கிறது. 2024 மே மாதத்திலிருந்து ஈ.பி.எஃப். சேமிப்பில் ஒரு பகுதியை எந்த நேரமும் எடுக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். எடுக்கலாம் என்பதற்காக எடுத்து விடாதீர்கள். அது வயசான காலத்து அரிசி.

4. மண்ணில் கை வையுங்கள். இடம் இருந்தால் இரண்டு பாத்தி கீரை, நாலு வெண்டை, வேலியோரம் முருங்கை, ஒரு வரிசை மரவள்ளி. பிளாட்டில் இருப்பவர்களுக்குப் பழைய வாளி போதும். ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, நம் பாட்டன் பாட்டிமார் உயிரைப் பிடித்திருந்தது மரவள்ளிக் கிழங்கில்தான். இன்றைக்கு அந்தப் பஞ்சம் இல்லை. ஆனால் விதை போட்டு நாலாம் நாள் முளை தலை காட்டும்போது மனசுக்கு ஏற்படும் தெம்பு அதே தெம்புதான். மரியந்தாலிலும் சிலர் காய்கறி பயிரிடும் துண்டு நிலத்தில் பூச்செடியும் வைத்திருந்தார்கள். வயிற்றுக்குக் கொஞ்சம், கண்ணுக்குக் கொஞ்சம்.

5. தனியாக உட்காராதீர்கள். கஷ்டம் வந்தவர் முதலில் செய்வது ஒதுங்குவது. மொய் எழுதக் காசில்லை என்று கல்யாணத்துக்குப் போவதில்லை. கோயிலுக்குப் போவதில்லை. கிளைக் கூட்டத்துக்குப் போவதில்லை. தோழர்களே, வெறுங்கையோடு போங்கள். கோயில் திருவிழாவில் பாத்திரம் கழுவ ஆள் வேண்டும், பிள்ளைகளுக்குப் பந்து விளையாடச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும், எழுதத் தெரியாத பெரியவருக்குப் பாரம் நிரப்பிக் கொடுக்க ஆள் வேண்டும். நான்கு பேருக்குப் பயன்படுகிறவனுக்குத் தன் மேல் உள்ள மதிப்பு போவதில்லை. இன்னொரு பக்கமும் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு வாரமாக வெளியே தலை காட்டவில்லையா? போய்க் கதவைத் தட்டுங்கள்.

6. உடம்பைப் பட்டினி போடாதீர்கள். காசு குறைந்தால் முதலில் குறைவது அம்மாவின் தட்டு. இது எனக்கு நன்றாகத் தெரியும். சோகை பிடித்த தாயால் வீட்டைத் தாங்க முடியாது. முட்டை, நெத்திலி, பருப்பு, கீரை விலை குறைந்த நல்ல சாப்பாடு. மூன்று வேளையும் பாக்கெட் மீயும், டின் பால் கலந்த இனிப்புத் தேநீரும் சாப்பாடு ஆகாது. இன்னொன்று: பஸ் காசு மிச்சம் பிடிக்க நீரிழிவு மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். போக வண்டி இல்லையென்றால் என்னைப் போன்ற எச்.ஏ.யிடம் சொல்லுங்கள், வழி பார்ப்போம்.

7. தூக்கத்துக்கு ஒரு வழி. கவலைகளைச் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு நோட்டில் எழுதி மூடி வையுங்கள். படுத்த பிறகு கவலை வந்தால், "நீ நோட்டுல இருக்கே, நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லுங்கள். சிரிக்காதீர்கள், பலருக்கு உதவியிருக்கிறது. நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். பத்து நிமிடம். மூச்சு நிதானமானால் நெஞ்சும் நிதானமாகும்.

நுழையக் கூடாத கதவுகள்

கவலையைத் தீர்க்கிறேன் என்று சில கதவுகள் நம்மைக் கூப்பிடும். முதல் கதவு சம்சு. குடித்தால் தூக்கம் வருகிறது என்பார்கள். வருவது மயக்கம். நடுராத்திரியில் மயக்கம் தெளிந்து, கவலை முன்னை விடப் பெரிதாக நிற்கும். மலிவுச் சரக்கில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பகுதியில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து முப்பது பேருக்கும் மேல் செத்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குக் கண் போயிற்று.

இரண்டாவது கதவு வட்டிக்காரன். உங்கள் ஏ.டி.எம். கார்டைப் பிடுங்கி வைத்துக் கொள்கிறவன் உதவி செய்பவன் அல்ல. மூன்றாவது நாலு நம்பர். கனவில் வந்த எண்ணுக்குக் கட்டும் பத்து வெள்ளி, ஒரு தட்டு முட்டை.

நான்காவது மாத்திரை. பனாடோல் 500 மில்லிகிராம் மாத்திரை பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடவே கூடாது. குடிக்கிறவர்களுக்கு அதுவும் அதிகம். ஈரல் கெட்டு விடும். கடைசியாக, களைக்கொல்லி, பூச்சி மருந்து எதையும் பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். அது ஸ்டோரிலேயே பூட்டிக் கிடக்கட்டும். பிள்ளைகளுக்கும் ஆபத்து, மனசு உடைந்து நிற்கும் ஒரு இராத்திரியில் பெரியவர்களுக்கும் ஆபத்து.

அசதியா, நோயா?

கஷ்டத்தில் கண்ணீர் வருவது நோய் இல்லை. மனுஷ இயல்பு. ஆனால் பெரும்பாலான நாட்கள் மனம் இருண்டு கிடப்பது, முன்பு பிடித்த எதுவும் பிடிக்காமல் போவது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், கூடவே தூக்கமும் பசியும் கெட்டு, "நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்" என்ற எண்ணம் வந்தால், அது மனச்சோர்வு என்கிற நோய். மலேரியா போல, டைபாய்டு போல நோய். செய்வினை இல்லை, சோம்பேறித்தனம் இல்லை, கடவுள் கொடுத்த தண்டனை இல்லை. கோயிலுக்குப் போங்கள், தடுக்கவில்லை. கிளினிக்குக்கும் வாங்க.

இதற்கு மருந்து உண்டு, பேசிக் குணப்படுத்தும் முறையும் உண்டு. மாத்திரை இரண்டு மூன்று நாளில் வேலை செய்யாது. சில வாரம் ஆகும். "ஒண்ணும் கேக்கல" என்று நாலாம் நாள் தூக்கி எறியாதீர்கள். நன்றாகி விட்டது என்று நீங்களாகவும் நிறுத்தாதீர்கள்.

பிள்ளைகளையும் கவனியுங்கள். ஆறு ஏழு வயதுப் பிள்ளை மறுபடி படுக்கையை நனைப்பதும், பள்ளிக்கூட நாளில் மட்டும் வயிறு வலிப்பதும் வீட்டுக் கவலையின் எதிரொலியாக இருக்கலாம். அவர்களிடம் பொய் சொல்ல வேண்டாம். "இந்த மாசம் கொஞ்சம் கஷ்டம், ஒன் மேல தப்பு இல்ல, சமாளிச்சிடுவோம்" என்ற அளவுக்கு உண்மையைச் சொன்னால் போதும்.

"நான் இல்லன்னா எல்லாருக்கும் நிம்மதி" என்று யாராவது சொன்னால் அதைப் பேச்சுக்குச் சொன்னதாக எடுக்காதீர்கள். நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டி விடுவோமோ என்று பயப்பட வேண்டாம், அப்படி ஆவதில்லை. கேட்கிறவர் ஒருவர் கிடைத்ததில் பாரம் இறங்கும். அவரைத் தனியாக விடாமல் கிளினிக்குக்கோ ஆஸ்பத்திரிக்கோ அழைத்து வாருங்கள். முன்பு நம் நாட்டில் உயிரை மாய்க்க முயல்வது குற்றமாக இருந்தது. அதற்குப் பயந்தே பலர் மறைத்தார்கள். அந்தச் சட்டப் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டு விட்டது. போலீஸ் பயம் வேண்டாம். வெளியே யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருந்தால் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்புக்கு 03-7627 2929 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. இதை வெட்டி எடுத்துக் காலண்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

நம் பெரியவர்கள் பட்டது

கஷ்டம் நமக்குப் புதிதில்லை. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது சம்பளம் வெட்டப்பட்டு, நம்மவர்கள் பல்லாயிரம் பேர் கப்பல் ஏற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிறகு தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், நாளை எங்கே போவோம் என்று தெரியாத தொழிலாளர்களே சிறுகச் சிறுகப் பங்குப் பணம் போட்டார்கள். துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அந்தப் பணத்தில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. தனித்தனியாக நினைத்திருந்தால் எவராலும் ஆகாத காரியம்.

இனி அந்த வாசற்படி அண்ணனின் கதை. அன்று இராத்திரியே அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அந்தம்மா கத்தவில்லை. "இதையா இத்தன மாசமா ஒத்தையில தூக்கிக்கிட்டுத் திரிஞ்சீங்க?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் நான் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தேன், மைத்துனர் கூடப் போனார். சீட்டுப் பிடிக்கும் பெண்கள் சேர்ந்து அந்த வீட்டுச் சீட்டை முதலில் எடுக்க விட்டார்கள். கிளைத் தலைவரும் கூட நின்று பேசியதில் வட்டிக்காரன் வட்டியை நிறுத்தினான். கடன் தீர ஒன்றரை வருடம் ஆயிற்று. அதிசயம் எதுவும் நடக்கவில்லை. மாத்திரையை ஒரு வருடம் சாப்பிட்டார். இடையில் இரண்டு தடவை மனசு மறுபடி இறங்கியது, மறுபடி ஏறியது. மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போய் விட்டாள்.

இப்போது பேரப்பிள்ளைக்குச் சளி மருந்து வாங்க வருகிறார். போன வாரம் வந்தபோது, வரிசையில் சோர்ந்து உட்கார்ந்திருந்த ஒரு இளைஞனைப் பார்த்து, "என்னா தம்பி, வீட்டுல எப்படி இருக்கு?" என்று அவரே கேட்டார். நான் கேட்க மறந்த கேள்வி அது. இந்த மாதம் நீங்களும் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். யாராவது உங்களிடம் கேட்டால், "ஒண்ணுமில்ல" என்று சொல்லாமல் உள்ளதைச் சொல்லுங்கள்.